பிரசங்கத் துபாஷி

பிரசங்க மேடைக்கு ஒரு படி கீழே
என் முக்காலி.
வருஷத்துக்கு இரண்டு மூட்டை ரை தானியம்,
ஈஸ்டருக்கு ஒரு ஜோடி செருப்பு, கூலி.
பாதிரியார் ரைன்கே ஜெர்மனில் ஒரு வாக்கியம் சொல்லி
மூச்சு வாங்குவார்.
அவர் அடுத்ததைத் தொடங்குவதற்குள்
புரூசிய மொழியில் நான் அதைச் சொல்லி முடிக்க வேண்டும்.

பரிசுத்த ஆவிக்கு எங்களிடம் சொல் இல்லை.
மூச்சு என்றேன், பொருந்திப் போயிற்று.
பாவத்துக்குக் கடன் என்றேன்,
பண்ணைக்குக் கட்டாமல் விட்ட கடன்;
முன் வரிசை தலையைக் குனிந்துகொண்டது.
நரகத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.
ஏழு மாதம் பனி விழும் கடற்கரை இது,
நெருப்பு என்றால்
பெஞ்சை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போடுவார்கள்.
வேறு வழியில்லாமல்
செத்தவர்களைக் கூட்டிப் போகிற
வெள்ளைத் தாடிக்காரன் பெயரைச் சொல்லிவிட்டேன்:
பிக்குல்ஸ்.

பாதிரியார் அதைப் பிடித்துக்கொண்டார்.
எங்கள் மொழியில் அவர் கற்ற ஒரே சொல்.
மேடை அதிர விரல் நீட்டி
பிக்குல்ஸ்! என்று கத்துவார்.
கடைசி வரிசைக் கிழவர்கள்
ஒருவர் விடாமல் எழுந்து நிற்பார்கள்.
'பார், கர்த்தருக்கு எப்படி நடுங்குகிறார்கள்'
என்று என் தோளைத் தட்டுவார்.
அதை நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

தட்டைமீன் வராத வருஷம்
கெதூனேயின் களஞ்சியத்தில்
கதவைச் சாத்தி ஒரு கிடாயை வெட்டினார்கள்.
வலைகளில் ரத்தம் தெளித்தார்கள்.
விசாரணைக்குக் கோனிக்ஸ்பெர்க்கிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்,
மசிக்கூடும் சொந்தத் தலையணையுமாக.

இடியைக் கும்பிடுகிறாயா என்று நமேதாவைக் கேட்டார்கள்.
இடிக்கும் அவனுக்கும் எங்களிடம் ஒரே பெயர்.
பெர்க்கூன்ஸ் என்றால் எது என்று
சொல்கிறவளுக்கே தெரியாது.
'ஐயாமார் கூரைமேல் அவன் விழுவதில்லையா?' என்றாள்.
மின்னலுக்குப் பயப்படுகிறாளாம் என்றேன்.
எழுதி, மணல் தூவிக் காயவைத்தார்கள்.
கிடா?
ஞானஸ்நான விருந்துக்காம்.
யார் குழந்தைக்கு?
அந்த வருஷம் ஊரில் குழந்தையே பிறக்கவில்லை.
பிறக்கப் போகிற குழந்தைக்கு என்றேன்.

வேதபுத்தகத்தில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தேன்.
தீர்ப்பு நாளில் என்னை விசாரிப்பவருக்கும்
ஒரு துபாஷி வேண்டியிருக்குமோ என்று
சில இரவுகளில் தோன்றும்.
வேண்டியிருந்தால்
அது நானாக இருந்தால் நல்லது.

காய்ச்சல் இரண்டு முறை வந்துபோனது.
மிஞ்சிய வீடுகளின் பிள்ளைகள்
ஜெர்மனில் திட்டு வாங்குகிறார்கள்,
ஜெர்மனிலேயே முனகிக்கொள்கிறார்கள்.
என் மகன் உர்பான் என்னைக் கூப்பிடுவதும் அதில்தான்.
ஆனால் வானம் உறுமினால்
மேஜையிலிருந்து ரொட்டியை எடுத்து
நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறான்.
ஏனடா என்றால்
கை தானாகப் போகிறது என்கிறான்.

துபாஷி தேவைப்படுவது இனி ஒருத்திக்கு,
அந்த நமேதாவுக்கு.
அவளுக்கும் காது போய் மூன்று வருஷம்.
புதுப் பாதிரியார் கணக்கைப் புரட்டிப் பார்த்து
அவள் இருக்கும்வரை இரண்டு மூட்டை என்றிருக்கிறார்.
யார் சொன்னார்களோ, அவளுக்கும் தெரியும்.
முழங்கால் பனியில் நடந்து வந்து
முக்காலிக்கு நேர் எதிரே உட்காருகிறாள்.
என் உதட்டையே பார்க்கிறாள்.
பிக்குல்ஸ் என்பதற்கு
உதடு ஒட்டிப் பிரிகிற இடத்தில்
பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள்.

போன ஞாயிறு எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.
சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தேன்.
பாதிரியார் ஏட்டிலிருந்து தலை தூக்கவில்லை.
அவர் மனந்திரும்புதலைப் பற்றிச் சொல்லச் சொல்ல
நான் சொன்னேன்:
தட்டைமீன் வந்திருக்கிறது, நமேதா.
கெதூனே மகன் படகு நிறைய.
மூட்டையில் பாதி உனக்கு,
செவ்வாய்க்கிழமை கொண்டுவருகிறேன்,
நாயைக் கட்டிப் போடு.

ஆமென் என்றாள்,
கோயில் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி.