கட்டு பிரிக்க ஆறு வாரம்

சுகிர்தா,
ஓசூர் சாலையில் நீ விழுந்த இடத்தில்
அந்தச் சல்லிக் குவியல் அப்படியே கிடக்கிறது.
நேற்று வண்டியை நிறுத்தி
உன் சார்பில் ஓர் உதை விட்டேன்.

இது மருந்துச் சீட்டின் பின்பக்கம்.
முன்பக்கத்தில் கால்சியம், காலை ஒன்று இரவு ஒன்று.
பின்பக்கத்துக்கு வேளை கிடையாது.

முதல் வாரம் வலி இருக்கும்.
வலிக்கிறபோது சோகப்படம் பார்க்காதே,
அழுவது காலுக்கா கதைக்கா என்று தெரியாமல் போகும்.
திருட்டுப் படம் பார்.
ஏழு கொரியக்காரர்கள் ஆறு மாதம் சுரங்கம் தோண்டி
வங்கிக்குள் நுழைந்து
ஆளுக்கொரு சேமிப்புக் கணக்கு தொடங்கிவிட்டு வருவார்கள்.
மெதுவாகச் சிரி. கட்டு இருக்கிறது.

பேய்ப்படம் வேண்டாம் என்பாய்.
ஒன்றே ஒன்று.
முழுக்க லிஃப்டுக்குள் நடக்கிறது, பேய் கடைசிவரை வராது,
ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கும், அவ்வளவுதான்.
உன் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை.
உனக்கு அது பாதுகாப்பான பேய்.

நீதிபதி காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத்
தீர்ப்பு எழுதும் மராத்திப் படம்:
முதல் பாதி இழுவை. பொறுத்துக்கொள்.

காதல் படம் ஒன்று எழுதி அடித்திருக்கிறேன்,
வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதே.
நல்ல படம்தான்.
கூட உட்கார்ந்து பார்த்த ஆள் சரியில்லை.

இனி கடைசி.
இதைச் சொல்லத்தான் மற்றதெல்லாம்.

பிலிப்பைன்ஸ் படம்.
போன மழையில், இரவு ஷிப்டில், என் மேசைக்கு வந்தது.
என் வேலை தெரியும்தானே,
அவர்கள் வாய் மூடும்போது
கீழே எழுத்தும் மறைகிறதா என்று பார்ப்பது.
மணிலாவில் முழங்கால் ஆழம் தண்ணீர் நிற்கும் சந்து.
லூர்தெஸ் என்று ஒருத்தி
கரோக்கே பெட்டியை வாடகைக்கு விடுகிறாள்,
பிறந்தநாளுக்கு ஒரு விலை, சாவுக்கு ஒரு விலை.
துக்க வீட்டில் சீட்டாடுகிறார்கள் சுகிர்தா!
ஜெயித்தவன் கொஞ்சம் எடுத்து
சவப்பெட்டிச் செலவுக்குத் தட்டில் போடுகிறான்.
பக்கத்தில் ஒருவன் பாடுகிறான், படுமோசமாக.
யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

பிறகு பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு
அவள் தண்ணீரில் நடக்கும் நான்கு நிமிடம்.
வசனமே இல்லை.
எனக்குச் சரிபார்க்க ஒன்றும் இல்லாததால்
சன்னல் பக்கம் திரும்பினேன்.
ஈஜிபுராவில் தரைத்தளம் மூழ்கி
வாட்ச்மேன் மல்லப்பா
இன்வெர்ட்டர் பேட்டரியைத் தலையில் வைத்துப்
படியேறிக்கொண்டிருந்தார்.
எது திரை எது சன்னல் என்று ஒரு கணம்...
சரி விடு.

கைநழுவிப் போனதற்கெல்லாம்
அவர்களிடம் ஒரே சொல் இருக்கிறது: சாயங்.
கொட்டிப்போன சோறு, தவறிய பஸ்,
சவூதியிலிருந்து வராமலே போன புருஷன்.
சாயங், சாயங்.
எனக்கு ஒவ்வொரு தடவையும்
மீதிக் ‘காலம்’ தானாகவே சேர்ந்து கேட்டது.
கீழே ஆங்கிலத்தில் ‘வேஸ்ட்’ என்று போட்டிருந்தார்கள்.
மாற்ற எனக்கு அதிகாரமில்லை.
குறிப்பில் மட்டும் எழுதினேன், வேறு சொல் பாருங்கள் என்று.
பதில் வரவில்லை.

முடிவைச் சொல்ல மாட்டேன்.
சொல்வதற்கு அப்படி ஒன்றும் நடக்காது என்பதையும்
சொல்லியிருக்கக் கூடாது.

ஞாயிறு பூரியோடு வருகிறேன்.
பிடித்ததா என்று கேட்டு உன்னை நெருக்க மாட்டேன்.
படத்துக்கு அடியில் சின்னதாக ஓர் எண் இருக்கும்,
எத்தனை தடவை பார்க்கப்பட்டது என்று.
இப்போது நாற்பத்தொன்று.
அதில் ஒன்பது நான்.

நாற்பத்திரண்டு என்று காட்டினால் போதும்.
காட்டாவிட்டால்
கால்வலி என்று எடுத்துக்கொள்கிறேன்.