காலி வண்டி எடை

வண்டியை மேடையின் நடுவில் நிறுத்துங்கள், அமலதாஸ்.
இஞ்சினை அணையுங்கள். எண் இன்னும் ஆடுகிறது.
அது நிற்கும்வரை, நீங்கள் கேட்டதைச் சொல்கிறேன்.

மொத்தம் ஆறு புதன்கிழமை.
காரைக்குடியில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி.
புதுவயலில் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால் போதும்,
கோட்டையூரில் உட்கார இடம் கிடைத்துவிடும்.

திட்டுவார்கள் என்றுதான் நான் போனேன்.
சட்டைப்பை நிறையப் பதில் வைத்திருந்தேன்:
அப்பாவுக்கும் இருந்தது,
ராத்திரி லோடு வந்தால் தூக்கமில்லை,
அரிசி மில்லில் இருப்பவன் வேறெதைத் தின்பான்.
ஒருவரும் கேட்கவில்லை.
பதில்களை அப்படியே மடித்துத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

நர்ஸ் பெயர் ஜெபமாலை.
"எதை விடுவீர்கள் என்று கேட்க மாட்டேன்.
இந்த வாரம் எதைச் செய்வீர்கள்? எத்தனை நாள்? எந்த நேரம்?
நடக்கும் என்று பத்துக்கு எத்தனை நம்பிக்கை?"

உமையாள் ஆச்சி ஒன்பது என்றார்.
அடுத்த புதன், பால் பணியாரத்தில் தோற்றுவிட்டேன் என்றார்,
பள்ளத்தூரில் ஒரு கல்யாணமாம்.
யாரும் உச்சுக்கொட்டவில்லை.
எது தடுத்தது என்று சுற்றி உட்கார்ந்து யோசித்தோம்,
வண்டி பழுதானால் பானட்டைத் திறந்து எட்டிப் பார்ப்போமே, அப்படி.
"கடைசிப் பந்தியில் உட்காருங்க ஆச்சி,
இனிப்பு தீர்ந்திருக்கும்" என்றார் சிக்கந்தர்.
ஆச்சிதான் முதலில் சிரித்தார்.

இருபது டன்னைப் பார்வையாலே சொல்கிற எனக்கு
என் தட்டின் எடை தெரிந்திருக்கவில்லை.
"இரண்டு கரண்டி" என்று எழுதிக் கொடுத்தேன்.
வீட்டில் கப்பால் அளந்தால் மூன்றரை.
என் மனைவி கப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
ரசத்தை எடுத்து வைத்தாள்.

ஊசியை விரல் நுனியில் குத்தாதீர்கள், ஓரத்தில் குத்துங்கள்.
ஸ்டியரிங் பிடிப்பவருக்கு நுனி வேண்டும்.
கை நடுங்கி வேர்த்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு
முதலில் சர்க்கரைத் தண்ணீர்.
ஆமாம், சர்க்கரைதான். எனக்கும் சிரிப்பு வந்தது.

மூன்றாவது வாரம் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள்.

சித்திரை வெயிலில், அவித்த நெல் காயும் களத்தில்,
நான் வெறுங்காலோடு குறுக்கே நடப்பேன்.
"மேஸ்திரிக்கு இரும்புக் கால்" என்று சொன்னதே நீங்கள்தான்.
எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை.

ஜெபமாலை ஒரு நைலான் இழையை எடுத்தார்,
தூண்டில் நரம்பு மாதிரி.
"கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.
பாதத்தில் படும்போதெல்லாம் சொல்லுங்கள்."
காத்திருந்தேன்.
மேலே ஃபேன் ஓடியது.
கீழே கடையில் யாரோ எழுத்து வாசித்தார்கள்,
பெரியதில் தொடங்கி, சின்ன வரிசையில் திக்கி.
"எப்போது ஆரம்பிப்பீர்கள்?" என்று கேட்டேன்.
"முடிந்துவிட்டது" என்றார்.

அன்றைக்குப் பஸ்ஸில் இடம் இருந்தும்
நின்றுகொண்டே வந்தேன்.
இரண்டு காலும் என்னுடையவைதானா என்று
விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தபடி.

இந்த நீல ஷூ அப்படி வந்தது.
சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.
ராத்திரி சவரக் கண்ணாடியைத் தரையில் வைத்து
உள்ளங்காலைப் பார்க்கிறேன்.
போன வாரம் ஒரு உமி,
தோலுக்குள் பாதி போயிருந்தது.
அது வலித்திருக்க வேண்டும்.

சர்க்கரை போய்விடுமா என்று கேட்கிறீர்கள்.
சிக்கந்தர் ஆறு வாரமும் இதையே கேட்டார்.
ஆறு வாரமும் ஒரே பதில்தான்.
ஆனாலும் ஒரு நாளும் வராமல் இருக்கவில்லை.

எண் நின்றுவிட்டது. ஒன்பதாயிரத்து நானூற்று இருபது.
இறங்கி நில்லுங்கள், அமலதாஸ்,
உங்களையும் சேர்த்துக் காட்டுகிறது.
இப்போது சரி.

சீட்டு இந்தாருங்கள்.
பின்பக்கம் ஜெபமாலையின் நம்பர்.
வருகிற புதன் போவீர்கள் என்பதற்கு
பத்துக்கு எத்தனை?
நான் முதலில் நான்கு சொன்னேன்.

யோசியுங்கள். ஆனால் வண்டியை எடுத்துவிட்டு,
பின்னால் ஹாரன் அடிக்கிறான்.