மருந்துக்கடைப் பச்சை

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.
பெயர் ரெஜிஸ் சிதாம்பரோம்.
ஆமாம், அந்த எழுத்துக்கூட்டல்தான்;
என் முப்பாட்டன் ரீயூனியனில் கப்பலைவிட்டு இறங்கியபோது
குமாஸ்தாவின் காதில் அப்படித்தான் விழுந்ததாம்.
படகு ஏழு மீட்டர். சேன் பியேரில் பதிவு.
தரை தட்டிய நேரம் நாலு பத்து.

நாலு மணிக்கு எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை.
பெட்டியில் மூன்று சூரை, பாதி கரைந்த பனிக்கட்டி.
தெற்கே எங்கோ பேர் தெரியாத புயல் ஒன்று
மூன்று நாளுக்கு முன் அனுப்பிவைத்த அலைகள்
அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன,
நீளமாக, அவசரமில்லாமல்,
படகுக்கு அடியில் முதுகு நெளித்துப் போயின.

ஊர் தெரிந்தது.
கரை தெரியாதவனுக்குப் பயமாவது துணை.
நான் குடுவையைத் திறந்து காப்பி ஊற்றினேன்.

வலத்தே பச்சை, இடத்தே சிவப்பு, நடுவில் நுழை:
பதினெட்டு வருடம் நுழைந்த வாய்.
கண்ணை மூடிக்கொண்டு வருவேன் என்று
ரம் கடையில் சொன்னதும் உண்டு,
அதையும் எழுதுங்கள்.
வலத்தே பச்சை இருந்தது.
இடத்தே சிவப்பு இருந்தது.

ஆழமானி ஒன்பது காட்டியது. பிறகு ஆறு.
முன்னால் அலை உடைகிறது என்றான்
அணியத்தில் நின்ற ப்ரூனோ.
தடுப்புச் சுவரில் மோதுகிற சத்தம் என்றேன்.
அவனுக்கு இருபத்தொரு வயது.
என் சொல்லை நம்பி
கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான்.

மூன்றரை.

அப்போது அந்தச் சிவப்பு
பச்சையாக மாறியது.

துறைமுக விளக்குக்கு மனம் மாறாது ஐயா.
ஒரு ஸ்கூட்டர் கிளம்பிப் போகும் சத்தம்
தண்ணீர் மேல் தெளிவாகக் கேட்டது.

பின்னுக்குப் போட்டேன். இயந்திரம் இருமியது.
அடுத்த அலை எங்களைத் தூக்கி
லாரியிலிருந்து மூட்டை இறக்குவதுபோல்
பாரின்மேல் போட்டது.
அதற்கடுத்தது இழுத்துப் பார்த்தது.
பவளம் விடவில்லை.
ஃபைபர் அரைபடும் சத்தம்
என் கடைவாய்ப் பல்லில் இன்னும் இருக்கிறது.

இடுப்பளவு நீரில் நடந்து கரையேறினோம்.
நடுக்கடலில் போனவனுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு.
ரொட்டி வேகும் மணம் எட்டுகிற தூரத்தில் தட்டியவனிடம்
ரொட்டி வாங்க வந்தவர்கள் கேட்பார்கள்:
ஏன் ரெஜிஸ், வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு போகலாம் என்றா?

ப்ரூனோவின் கெண்டைக்காலைப் பார் கீறியிருந்தது.
அந்நேரத்தில் விழித்திருந்தது ஒரே கடை,
அந்த வாரத்து இரவு முறை அதற்கு.
மேலே பச்சைச் சிலுவை
விரிந்தது, சுருங்கியது, மணி காட்டியது,
நாலு ஐம்பது,
வெப்பம் காட்டியது, பத்தொன்பது,
மறுபடி பச்சை.
கடலிலிருந்து பார்த்தால் எண்கள் தெரியாது.

கம்பிச் சன்னல் வழியே அந்தப் பெண்
கட்டுத்துணியும் அயோடினும் நீட்டினாள்.
வாங்கிக்கொண்டு திரும்பினால்
தெருமுனையில், ஒரு மறைப்பும் இல்லாமல், நேர் எதிரே
என் படகு.
ஒவ்வொரு அலைக்கும் ஆமாம் ஆமாம் என்று
தலையாட்டிக்கொண்டிருந்தது.
பன்னிரண்டு யூரோ நாற்பது என்றாள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன்.
இல்லை, எண்ணவில்லை.
நாலு நொடிக்கு ஒருமுறை மின்னும் எங்கள் பச்சை;
வரைபடத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
காப்பியில் ஒரு மிடறு குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

நிஜப் பச்சை எங்கே இருந்தது என்கிறீர்களா?
இருந்தது.
வலத்தே, இன்னும் கொஞ்சம் வலத்தே,
அலை மேட்டின் பின்னால் முங்கி முங்கி எழுந்தபடி.
பார்த்தேன் ஐயா.
அதைத்தான் நான்
மருந்துக்கடை என்று நினைத்தேன்.