இளஞ்சிவப்பு நகல்

ஸ்கோர் ஷீட்டில் நாலு தாள், இடையிடையே கார்பன்.
வெள்ளை இரண்டு சங்கத்துக்கு.
தோற்றவர்களுக்கு மஞ்சள்.
ஜெயித்தவர்களுக்கு இளஞ்சிவப்பு.
என்னிடம் இருப்பது இளஞ்சிவப்பு.
எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.

எழுபத்தொன்று, எழுபது.
ராயபுரத்து சிமெண்ட் கோர்ட்டில்
ஒரு வெளிநாட்டு அணி முதல்முறையாக நம்மிடம் தோற்ற இரவு.
கடற்காற்றில் நெத்திலி காயும் வாடை.
வந்தவர்களில் இருவர் மூக்கில் கைக்குட்டை கட்டி ஆடினார்கள்;
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

எண் நான்கு, பன்னிரண்டு புள்ளி,
ஃப்ரீ த்ரோவுக்கு முன்னால் காதைத் தொட்டுக்கொள்கிறவர்.
எண் பதின்மூன்று, பஞ்சாப்காரர், எட்டு.
பதினொரு முறை வளையத்தடியில் பந்தைப் பிடுங்கினார்,
பதினொரு முறையும் யாரையோ திட்டினார்.
எண் ஏழு, நாற்பது விநாடி, பூஜ்யம், ஃபவுல் ஒன்று.
அந்த நாற்பது விநாடிக்குப் பெரம்பூரிலிருந்து
ஒரு வேன் நிறைய ஆள் வந்திருந்தது.
எண் ஒன்பது, டெரன்ஸ் டிமெல்லோ, பத்தொன்பது.
எண் ஆறு, கஜபதி, கேப்டன், பதினெட்டு.

கடைசி இரண்டு வரியும் தப்பு.
எழுதியது நான்.

டெல்லியிலிருந்து வரவேண்டிய பார்சல் வரவில்லை.
எம்.சி. ரோட்டில் பனியன் வாங்கி
ராத்திரியோடு ராத்திரியாக எண்களை வெட்டித் தைத்தார்கள்.
தையல் விட்ட இடத்தில் ஊக்கு.
நாலு விநாடி மிச்சமிருக்கும்போது
எதிரணிக்காரன் ஒருவன் கஜபதியின் முதுகைப் பிடித்து இழுத்தான்.
விசில் ஊதவில்லை.
அடி ஊக்கு ஒன்று மட்டும் தாங்க
மேலே தளர்ந்த ஆறு
மெல்லச் சுழன்று தலைகீழாய்த் தொங்கியது.

நான் பார்த்தது ஒன்பது.
பந்து வளையத்தில் இரண்டு சுற்று சுற்றி விழுந்தது.
எழுபத்தொன்றின் மேல் ஒரு சாய்கோடு,
பக்கத்தில் ஒன்பது.
நிஜமான ஒன்பது அப்போது எதிர்க்கோடியில்
முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததாம்.
பிறகு சொன்னார்கள். கூட்டம் பார்த்தது பந்தைத்தான்.

கையெழுத்துப் போட கஜபதி மேசையில் குனிந்தார்.
வேர்வை சொட்டி மை கலங்கியது.
எதையும் படிக்கவில்லை, சிரித்துக்கொண்டே கிறுக்கினார்.
திரும்பியபோதுதான் அந்த ஊக்கைப் பார்த்தேன்.
நடுவர் ஏற்கனவே தாள்களைக் கிழித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

சொல்லியிருக்கலாம்.
எனக்கு இருபத்திரண்டு வயது,
அந்த மேசையில் உட்கார்ந்த முதல் பெண்.
சாயங்காலம்தான் செயலாளர் சொல்லியிருந்தார்:
"பொம்பளப் புள்ள, கணக்குல கோட்டை வுட்ரும், பாத்துக்கோங்க."
வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஹார்பரில் ஒரு வேலை.
விளையாட்டுக் கோட்டா, ஒன்றே ஒன்று.
அதிகப் புள்ளி எடுத்தவருக்கு.
டெரன்ஸ் சேர்ந்தார், குவார்ட்டர்ஸ் கிடைத்தது,
பென்ஷனோடு பெர்த்துக்குப் போனார்.
கஜபதி காசிமேட்டில் ஐஸ் லாரி ஓட்டினார்.
இருபதும் பதினேழும் என்று எழுதியிருந்தால்
லாரியை வேறு யாரோ ஓட்டியிருப்பார்கள்.

போன செவ்வாய் கொருக்குப்பேட்டை கேட் சாத்தியிருந்தது.
பக்கத்தில் ஒரு பழைய டி.வி.எஸ்.,
அதன்மேல் அந்த உயரம், இப்போது கொஞ்சம் கூனி.
"ஸ்கோர்ராணியா?" என்றார்.
ஹெல்மெட்டுக்குள் தலையாட்டினேன்.
எண்ணூர் நிலக்கரி கூட்ஸ் வந்தது.
பேச ஒன்றும் அகப்படாமல் இருவரும் பெட்டிகளை எண்ணினோம்.

"அம்பத்தெட்டு" என்றார்.
"ஐம்பத்தொன்பது" என்றேன்.
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"சரிம்மா, நீ எழுதறதுதானே கணக்கு."
அதில் என்ன இருந்தது என்று
இன்றுவரை என்னால் குறிக்க முடியவில்லை.

கேட் தூக்கினார்கள்.
பின்னாலிருந்து ஹாரன் அடித்துத் தள்ளினார்கள்.
அவர் உதைத்துக் கிளப்பி
கன்டெய்னர் லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே
யாரையும் தொடாமல் நுழைந்து போனார்.

ஐம்பத்தெட்டுதான்.
கார்டு வண்டியையும் சேர்த்து எண்ணிவிட்டேன்.