ஒற்றைக் கொலுசு

இதன் ஜோடியைக் கடல் எடுத்துக்கொண்டது,
தேவனாம்பட்டினத்தில், ஒரு காணும் பொங்கலன்று.
சில்வர் பீச் என்று பெயர் வைத்தால்
அதுவும் கொஞ்சம் கேட்கத்தானே செய்யும்.
மிச்சமிருந்த ஒற்றைக்கு
அடகுக்கடைக்காரர் தராசைக்கூடத் தூக்கவில்லை.
ஆறு வருஷம் அரிசி டின்னுக்குள் கிடந்தது.

நான் வேலை பார்க்கும் சோதனைக்கூடத்தில்
சில்வர் நைட்ரேட் பூட்டிய அலமாரியில் இருக்கிறது.
கிராம் கிராமாய்ப் பதிவேடு, பக்கத்துக்கு இரண்டு கையெழுத்து.
எங்கள் தெருத் தண்ணீருக்கு அதில் பத்துச் சொட்டு கேட்டேன்.
"தெருன்னு ஒரு கட்டமே இதுல இல்லியேம்மா"
என்றார் தண்டபாணி சார்.
நியாயம்தான்.
அன்றிரவு அரிசிக்குள் கைவிட்டேன்.

ஞாயிறு. மொட்டைமாடி. மேற்குக் காற்று.
முகக்கவசம், கண்ணாடி, மகனுடைய மழைக்கோட்டு.
அமிலத்தில் இறங்கிய கொலுசு
முதலில் ஒன்றும் பேசவில்லை.
பிறகு மணிக்கு மணி குமிழ்.
பிறகு செம்பழுப்பாய் ஒரு புகை எழுந்து
வழி கேட்காமல் உப்பனாற்றுப் பக்கம் போனது.
"என்ன அமலி, கருவாடு தீயுதா?"
எதிர்மாடியிலிருந்து லூர்துமேரி.
"வெள்ளி வேகுதுக்கா."
சிரித்தாள்.
ஆனாலும் கொடித் துணியை வாரிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கல்யாணத்துக்குப் போட்ட கொலுசு.
சொக்க வெள்ளி என்று மாமனார்
பந்தலில் மூன்று முறை சொன்னது.
கரைந்து முடிந்தபோது கண்ணாடிக் குடுவையில்
நீலம். நல்ல நீலம்.
செம்பு.
பத்து வருஷம் காலில் மாட்டி நடந்த பொய்
இவ்வளவு அழகாயிருக்கும் என்று நினைக்கவில்லை.
அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"அப்பாவையும் ஏமாத்தியிருப்பாங்க" என்றார்.
இருக்கலாம்.
யார் யாரை என்று வெள்ளி சொல்லாது,
கேட்டதற்கு மட்டும் பதில்.

பேட்டரிக் கடைத் தண்ணீரில் கலந்து
இருமல் மருந்துப் புட்டியில் அடைத்தேன்,
பழுப்புப் புட்டி, இதற்கு வெளிச்சம் ஆகாது.
பதினொரு வீடு, பதினொரு டம்ளர்.
மழைத் தண்ணீரில் சொட்டு விழுந்து காணாமல் போனது.
ரோஸ்லின் வீட்டு போர், நீர்மோர்.
காதர் பாய் கடை, பால்.
எங்கள் வீடு
தயிர்.
கரண்டி நட்டால் நிற்கும் போலிருந்தது.
இத்தனை நாள் இதில்தான் பருப்பு வேகவில்லை,
என் சமையலுக்குத்தான் கெட்ட பெயர்.
கடல் உள்ளே ஏறி வந்ததா
வேறெங்கிருந்தோ இறங்கி வந்ததா,
அதையும் சொல்லாது.

டம்ளர்களைத் தெருமுனைச் சுவர்மேல் வைத்தேன்.
வெயில் பட்டு, மத்தியானத்துக்குள்
வெள்ளையெல்லாம் ஊதாவாகத் தொடங்கியது.
அதற்கு முன்பே ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர்
"மோரா? நல்ல தாகம்" என்று கை நீட்டினார்.
லூர்துமேரி முந்திக்கொண்டு தடுத்தாள்.
அவள் இல்லையென்றால் நான் தடுத்திருப்பேன்,
கொஞ்சம் யோசித்துவிட்டு.

நான் இடக்கைக்காரி. கையுறையில் ஒரு கிழிசல்.
வாக்குச்சாவடியில் அதிகாரி
என் இடது ஆள்காட்டி விரலைப் பார்த்தார்,
நகத்துக்குள்ளும் கறுப்பு.
"போட்டாச்சேம்மா."
"மை இல்லை சார், கொலுசு."
வரிசை சிரித்தது. முகவர்கள் எழுந்து நின்றார்கள்.
உங்கள் புட்டிக்குள்ளும் இதே உப்புதான் சார்
என்றேன்.
அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

நாற்பது நிமிஷம்.
பட்டியலில் என் பெயர்மேல் கோடு விழவில்லை என்று
இரண்டு பேர் தனித்தனியாய்ப் பார்த்து,
யாருக்கோ போன் போட்டு,
கடைசியில் நடுவிரலை நீட்டச் சொன்னார்கள்.
ஈரமாய் ஊதா. வாசல் வெயிலுக்கு வந்ததும் கறுத்தது.
இப்போது இரண்டு விரலும் ஒரே நிறம்.
எது தண்ணீருக்கு, எது ஓட்டுக்கு,
நாளைக்கு எனக்கே மறந்துவிடும்.

வீட்டுக்கு வந்து கை கழுவி, வாய் கொப்பளித்தேன்.
கரித்தது.