இருபது தாள்கள்

பதினொரு மொட்டைக் கடிதங்கள்.
ஹாப்சாலுவிலிருந்து தாலினுக்கு
தனித்தனி உறைகளில் வந்தன,
யாரோ காபி சிந்திய அட்டைப்பெட்டியில்.

பெற்றவர் லெம்பி ராண்ட்சலு,
அறுபத்தெட்டு வயது, தனியாள்.
சந்தேகம் பக்கத்து வீட்டு ஏர்வின் தூலிக் மேல்.
படகு மெக்கானிக்காக இருந்தவர்.
வேலிக்கு மேல் சாய்ந்த ஆப்பிள் கிளையைப்
போன வசந்தத்தில் கேட்காமல் வெட்டியவர்.
ஊருக்கு அது போதுமாக இருந்தது.

மாதிரி எழுத்து வாங்கினேன்.
நான் சொல்லச் சொல்ல அவர் எழுதவேண்டும்:
உட்கார்ந்து, நின்று, வேகமாக, மெதுவாக,
வலக்கையால், பிறகு இடக்கையால்.
"உன் விளக்கு இரவு இரண்டு மணிவரை எரிகிறது.
எனக்குத் தெரியும்.
பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்."
இருபது தடவை.
ஒன்பதாம் தாளில் பேனாவைக் கீழே வைத்து
"நான் எட்டரைக்கே தூங்கிவிடுவேனே" என்றார்.
குறித்துக்கொண்டேன்.
படிவத்தில் அதற்கு இடமில்லை, ஓரத்தில்தான்.

நிஜ நடுக்கத்தையும் பொய் நடுக்கத்தையும் பிரிப்பது
அப்படியொன்றும் வித்தையல்ல.
வயதான கை நடுங்கிக்கொண்டே ஓடும்.
நடிக்கும் கை நின்று நின்று நடுங்கும்,
நின்ற இடத்தில் மை தேங்கும்.
லென்ஸின் கீழே கடிதமெங்கும் குட்டைகள்.

அப்புறம் அந்த எழுத்து.
எங்கள் மொழியில் ஒரு வட்டம்,
வட்டத்தின் தலையில் ஒரு நெளி.
யாரும் யோசித்துப் போடுவதில்லை அதை,
வாசலில் காலைத் துடைப்பதுபோல
கை தானாகவே செய்யும்.
ஏர்வின் இடமிருந்து வலமாக இழுக்கிறார்.
கடிதக்காரர் வலமிருந்து தொடங்கி
முடிவில் ஒரு குட்டிக் கொக்கி மாட்டுகிறார்.
அந்தக் கொக்கியை
எங்கோ பார்த்திருந்தேன்.

இரண்டு நாள் எங்கே, எங்கே என்று.
பல் துலக்கும்போதுகூட.

கோப்பின் முதல் பக்கம்.
புகார் மனு.

ஏழாம் கடிதத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் வைத்தேன்.
மேலே இருந்த தாளில் எப்போதோ எழுதியது
மையில்லாமல் இதில் பள்ளமாகப் பதிந்திருந்தது:
பால். கருப்பு ரொட்டி. பூனைக்கு மீன்.
நாற்பது வாட் பல்பு ஒன்று.

'நிச்சயம்' என்று எங்கள் ஆய்வகம் எழுதாது.
"கடிதங்களை எழுதியவர்
அவற்றைப் பெற்றவரே என்பதற்கு
மிக வலுவான ஆதரவு உள்ளது."
அவ்வளவுதான்.
இன்ஸ்பெக்டர் மெரிக்கே போனில் கேட்டாள்:
"கிறுக்கா அந்தம்மா?"
கையெழுத்துதான் என் துறை, தலையெழுத்து இல்லை
என்று சொல்லியிருக்கலாம்.
"கமா எல்லாம் சரியான இடத்தில் இருக்கிறது" என்றேன்.

பெட்டியை மூடுமுன்
பதினொன்றையும் படித்தேன்,
முதல் தடவையாக, எழுத்தைப் பார்க்காமல்.
இன்று கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தாய்.
மூன்று நாளாக நீ வெளியே வரவில்லை.
இருமுகிறாய், சுவர் வழியாகக் கேட்கிறது.
வாசல் பனியை நீயேதான் தள்ளினாய், பார்த்தேன்.
ஒவ்வொன்றும் ஒரே சொல்லில் முடிந்தது:
ஜாக்கிரதை.

எச்சரித்து அனுப்பினார்களாம் அவரை.
ஏர்வினிடம் விஷயத்தைச் சொன்னபோது
கோபப்படவில்லையாம், தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.
"நிஜமாகவே இரண்டு மணிவரையா
முழித்திருக்கிறார்?" என்று மட்டும் கேட்டாராம்.
மெரிக்கேவுக்குத் தெரியவில்லை.
எனக்கும்.

பெட்டி எண் நூற்றுப் பதினெட்டு, கீழ்த்தட்டு.
அடியில் பதினொரு கடிதங்கள், தேங்கிய மையோடு.
மேலே இருபது தாள்கள்,
பக்கத்து வீட்டுக்காரரின் சொந்தக் கையில்,
தேதியிட்டு, கையொப்பமிட்டு,
ஒரு திருத்தலும் இல்லாமல்:
உன் விளக்கு இரவு இரண்டு மணிவரை எரிகிறது.
எனக்குத் தெரியும்.
பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இருபத்தைந்து வருடம் இங்கேயே இருக்கவேண்டும்.
யாருக்கும் அனுப்பக்கூடாது.
விதி.