நிகர எடை

துரோலாக் எண்ணெய் ஆலையில்
நிறுவை மேடைக் கிராணி நான்.
செம்பனைக் குலைகளோடு லோரி வரும்,
எழுதுவேன்.
கொட்டிவிட்டு வெறுமனே திரும்பும்,
எழுதுவேன்.
முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால்
பழத்தின் எடை.
ஆறு வருடத்தில் ஒரு நாளும்
இந்தக் கணக்கு என்னை ஏமாற்றியதில்லை.

பிரசவத்துக்குப் போகும்போது எழுபத்து நான்கு.
யுவேதா மூன்று கிலோ நூறு.
நஞ்சு, நீர், இரத்தம் எல்லாம் போக
வீடு திரும்பும்போது அறுபத்தொன்பது.
இன்று கிளினிக்கில் எழுபத்தொன்று.
சரக்கை இறக்கிய பிறகு
கனம் கூடிய லோரியை
நான் கண்டதே இல்லை.

மிஸ்ஸி நோராய்னி பிள்ளையின் புத்தகத்தில்
புள்ளி வைத்துக் கோடு இழுத்தாள்.
கோடு மேலே போகிறது. "பாகுஸ்" என்றாள்.
என் கோட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை.
நானும் செருப்பைத் தேடுகிற சாக்கில்
குனிந்துகொண்டேன்.

பூண்டு, பால்சுறா, நல்லெண்ணெயில் மிதக்கும் முட்டை.
பத்தியம் என்று மாமியார் வைத்ததெல்லாம்
பாலாகப் பாதி, இடுப்பாகப் பாதி.
இரவு இரண்டு மணிக்கு
அவள் குடிக்கக் குடிக்க எனக்குப் பசிக்கும்.
வயிற்றுப் பசி இல்லை, எலும்பின் பசி.
பிஸ்கட் டின்னைச் சத்தமில்லாமல் திறக்கக்
கற்றுக்கொண்டேன்.
குணாளனுக்கு ஆலையில் இரவு ஷிப்ட்.
வீட்டில் வேறு யாரும் இல்லை.
யாருக்குப் பயந்து அந்த மெதுவோ, தெரியாது.

போன வாரம் இரண்டு நாள்
பப்பாளியும் வெந்நீரும் மட்டும்.
மூன்றாம் நாள் பம்ப் பாட்டிலில்
ஒரு விரல் அளவு.
அவள் இழுத்தாள், முகத்தைத் திருப்பினாள்,
மறுபடி வந்து இழுத்தாள்,
ஈறால் கடித்தாள், கத்தினாள்.
அவளை மடியில் வைத்தபடியே
சோற்றுப் பானையின் முன் உட்கார்ந்து
கரண்டியாலேயே தின்றேன்.

எதிர்வீட்டு காக் ரொஹானா
பெங்கோங் துணி கொண்டு வந்தாள்.
மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லிச்
சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.
கண்ணாடியில் தந்திக்கம்பம் மாதிரி நின்றேன்.
அவிழ்த்ததும் வயிறு,
தூக்கம் கலைந்த பூனையாகத்
தன் இடத்துக்கே வந்து படுத்துக்கொண்டது.

தொண்ணூற்றெட்டு நாள் விடுப்பு முடிந்தது.
சீருடையின் மூன்றாவது பொத்தான்
வரமாட்டேன் என்றது.
ஊக்கு குத்தினேன்.
"வாம்மா, நல்லா ஆயிட்டே" என்றார்
டிரைவர் வீராச்சாமி.
நல்லா என்பது எத்தனை கிலோ என்று
நான் கேட்கவில்லை.
இருபத்தாறு டன் என்று சீட்டை நீட்டினேன்.
மத்தியானம் ஃபைல் அறையில்
கதவுக்கு நாற்காலி முட்டுக் கொடுத்துப்
பழைய சீட்டுக்கட்டுகளுக்கு நடுவே
பால் எடுத்தேன்.

ஐந்து மணிக்குக் குணாளன்
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.
மேடையில் லோரி இல்லை.
என்ன தோன்றியதோ,
அவளை வாங்கிக்கொண்டு
மேடையின் நடுவில் போய் நின்றேன்.
"திரையைப் பாருங்க."
"எண்பது" என்றார் ஜன்னலிலிருந்து.
பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டுத்
தனியாகப் போய் நின்றேன்.
"எண்பது."
"சரியாப் பாருங்க."
"எண்பதுதான்."

அந்த இயந்திரத்துக்கு
இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்.
எனக்கும் அது தெரியும்.
தெரிந்தும் அங்கேயே நின்றேன்.
தூக்கினாலும் எண்பது, இறக்கினாலும் எண்பது.
கழித்தால் சைபர்.
ஆறு வருடத்தில் முதல்முறையாகச்
சீட்டில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

ஜன்னலில் அவள் அழ ஆரம்பித்தாள்.
சட்டையில் இரண்டு வட்டம் நனைந்தது.
ஊக்கு தெறித்து
இரும்புத் தகட்டில் விழுந்த சத்தம் கேட்டது.
பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது,
மேலும் ஒருமுறை அடித்தது.
இறங்கி வந்தேன்.
பயங்கரமாகப் பசித்தது.